பில்ட்-இன் ஓவனுக்கு ஒயரிங்: ஆசாரி வருவதற்கு முன் முடித்த வேலை

திருவான்மியூரில் இருக்கும் எங்கள் பிளாட் தொண்ணூறுகளின் கடைசியில் கட்டியது. சமையலறையை முழுதாகப் பிரித்துப் புதிதாகப் போடுவது என்று முடிவானதும், மேடையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த ஓடிஜியை, அதாவது மேடைமேல் வைக்கும் சின்ன ஓவனைத் தூக்கிவிட்டு, அலமாரிக்குள் பொருந்துகிற பில்ட்-இன் எலக்ட்ரிக் ஓவன் ஒன்றை வாங்கினோம். மாடுலர் கிச்சன் போடுகிறவர் கொடுத்த வரைபடத்தில் ஓவனுக்கு என்று ஆளுயர அலமாரி ஒன்று. அதன் பின்சுவரில் ஒரு சின்னச் சதுரம். பக்கத்தில் ‘15 ஆம்ப் பாயிண்ட்’ என்ற குறிப்பு. மின்சாரத்துக்கு அவர் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். கைப்பிடியின் நிறத்துக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார், அது வேறு விஷயம்.

யார் என்ன செய்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் போட்டது, ஒயர் போகும் வழியைச் சுவரில் குறித்தது, சாமான் வாங்கியது, ஒவ்வொரு கட்டத்திலும் அளவை எழுதி வைத்தது நான். வீட்டு மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரிக்கும் டிபி பாக்ஸுக்குள் கை வைத்ததும் இணைப்பு கொடுத்ததும் லைசென்ஸ் உள்ள ஒயர்மேன். ஒயரிங் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் 3.5 கிலோவாட் ஓவனை நானே இணைத்துப் பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

அந்த 3.5 கிலோவாட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஓவன் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும்: 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 3.5 கிலோவாட். 3500-ஐ 230-ஆல் வகுத்தால் 15.2 ஆம்பியர். பழைய ஓடிஜி ஒன்றரை கிலோவாட்டைத் தாண்டாது. ஆறேழு ஆம்பியரோடு நின்றுவிடும். அந்த இடத்துக்கு இது வருகிறது என்பதால் அதே பாயிண்டில் இதையும் மாட்டிவிடலாம் என்று நினைப்பது இயல்புதான். ‘15 ஆம்ப் பாயிண்ட்’ என்று எழுதியவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 15.2-ம் 15-ம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். அந்த பாயிண்டைக் கழற்றிப் பார்க்கும்வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மெயினை அணைத்துவிட்டு ஒயர்மேன் அதைக் கழற்றினார். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்தது மட்டும் போதாது. எங்கள் சமையலறை விளக்கும் மின்விசிறியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றன. அந்த ஒயர்களும் இதே சுவிட்ச் போர்டு வழியாகத்தான் போகின்றன. மெயின் போனதும் இன்வெர்ட்டர் தன் கடமையைச் செய்யத் தொடங்கிவிடும். அதனால் இன்வெர்ட்டரையும் அணைத்து, வேறு ஒரு உயிருள்ள பாயிண்டில் டெஸ்டர் எரிகிறதா என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் இங்கே எரியவில்லை என்று உறுதி செய்தார். எரியாத டெஸ்டர் கெட்டுப்போன டெஸ்டராகவும் இருக்கலாம் அல்லவா?

உள்ளே 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் இருந்தது. அது இந்த பாயிண்டோடு முடியவில்லை. இங்கிருந்து பிரிட்ஜுக்கும், அங்கிருந்து யுடிலிட்டியில் இருக்கும் வாஷிங் மெஷினுக்கும் தொடர்ந்தது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச். கறுப்பு ஒயர், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூட்ரல், பக்கத்து விளக்கு போர்டின் நியூட்ரலோடு முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தது. கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் ஒயர் இருந்தது, ஆனால் ஸ்க்ரூவைச் சுற்றிப் பச்சைப் பாசி பிடித்ததுபோல் களிம்பு ஏறியிருந்தது. கடற்காற்று அடிக்கிற ஊரில் செம்பு இப்படித்தான் ஆகும். ஒயர்மேன் அதை விரலால் தொட்டதும் தனியே வந்துவிட்டது. அதாவது அந்த பாயிண்டில் மாட்டிய எதற்கும் எத்தனை வருடங்களாக எர்த் இல்லை என்று யாருக்கும் தெரியாது. மின்சாரம் வருகிறது, மிக்ஸி ஓடுகிறது, எல்லாம் சரி என்றே இருந்திருக்கிறோம். எர்த் இல்லாததை எந்தக் கருவியும் தானாக வந்து சொல்லாது.

ஆகவே ஓவனுக்கு டிபியிலிருந்து தனி லைன். மின்சாரம் வரும் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் புதிது, மூன்றும் ஓவனுக்கு மட்டும். இதில் ஒயர்மேனுக்கு முதலில் உடன்பாடு இல்லை.

“ஒரு நியூட்ரலுக்காகவா அவ்வளவு தூரம் இழுக்கணும்மா? பக்கத்துலயே இருக்கே.”

“ஆர்சிபிஓ போடப்போறோமே அண்ணே, நியூட்ரல் வெளியே போய்த் திரும்பினா அது நிக்குமா?”

“ஆமா, அது டிரிப் ஆயிடும்,” என்று அவரே தலையசைத்தார். பேஸ் வழியே போகிற மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான், கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிபிஓவின் வேலை. திரும்பி வருவது வேறு சர்க்யூட்டின் நியூட்ரல் வழியே வந்தால், கசிவு இல்லாமலே கசிவு என்று எண்ணி அணைத்துவிடும். பழைய வீடுகளில், கசிவை மட்டும் பார்க்கும் ஆர்சிசிபி மாட்டிய அன்றே ‘இது சரியில்லை, சும்மா சும்மா விழுது’ என்று கழற்றிப் போட்டதற்குப் பெரும்பாலும் இந்தக் கடன் வாங்கிய நியூட்ரல்தான் காரணம்.

எந்த ஒயர் என்பது அடுத்த கேள்வி. கடையில் கேட்டால் ‘பவருக்கு 2.5, ஏசிக்கு 4’ என்று வாய்ப்பாடு சொல்வார்கள். அந்த வாய்ப்பாடு தப்பில்லை, ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் எங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தெரியும். சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 ஸ்கொயர் பிவிசி செம்பு ஒயர், 30 டிகிரி சூழலில் 24 ஆம்பியர் வரை தாங்கும் என்பது பொதுவான அட்டவணைக் கணக்கு. சென்னையில் மே மாதம், அதுவும் சமையலறைச் சுவர், 40 டிகிரி என்று வைத்துக்கொள்வதே நியாயம். அதற்கான குறைப்பு 0.87, கைக்கு வருவது சுமார் 21. அதே பைப்பில் இன்னொரு சர்க்யூட்டும் போனால், இரண்டும் ஒன்றை ஒன்று சூடாக்குவதால் மேலும் 0.8, இப்போது 17-க்கும் கீழே. ஓவனின் 15.2 அதற்குள் அடங்குகிறதே என்றால், அடங்குகிறது. ஆனால் ஒயரைக் காக்க வேண்டியது எம்சிபி. 20 ஆம்பியர் எம்சிபி என்றால் 20-ஐத் தாண்டிய நொடியில் விழுந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். தரவிதிப்படி அது 1.13 மடங்கு, அதாவது 22.6 ஆம்பியரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கு, அதாவது 29 ஆம்பியர் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 17 தாங்கும் ஒயருக்கு அப்படிப்பட்ட காவலன் சரிப்படாது.

4 ஸ்கொயருக்கு அதே கணக்கு: 32, வெப்பத்துக்குக் குறைத்தால் 28-ஐ ஒட்டி, பக்கத்தில் இன்னொரு சர்க்யூட் இருந்தாலும் 22. இருபது ஆம்பியர் எம்சிபிக்கு இது பொருந்துகிறது. வோல்டேஜ் குறைவும் சின்னதுதான். டிபியிலிருந்து ஓவன் வரை எங்கள் வழி 12 மீட்டர். போக வர 24 மீட்டர். 4 ஸ்கொயர் செம்புக்கு இது 0.11 ஓம், 15 ஆம்பியரில் இழப்பு ஒன்றே முக்கால் வோல்ட்டுக்குள். 6 ஸ்கொயர் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று வீட்டில் கேட்டார்கள். தேவையில்லை என்பதோடு, சுவிட்சின் டெர்மினலுக்குள் அது சரியாக நுழையாமல் நாலு இழையை வெட்டிவிட்டுச் செருகும் ஆசை யாருக்காவது வந்துவிடும்.

நிறம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த வேலையில் உண்மையாகவே ஆபத்தான இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நம் ஊரில் பழக்கம்: சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் மூன்று பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஓவனிலிருந்து வரும் கேபிளில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் கோடு போட்டது எர்த். ஆக நீலம் என்பது நம் டிபியில் ஒரு பேஸ், ஓவனில் நியூட்ரல். எங்கள் வீட்டுக்கு வருவது த்ரீ பேஸ். பழுப்பைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் யாராவது கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் ஓவனுக்குக் கிடைப்பது 230 அல்ல, 400 வோல்ட். ஹீட்டர் போன்ற சுமையில் வோல்டேஜ் ஒன்றே முக்கால் மடங்கானால் எடுக்கும் மின்சக்தி மூன்று மடங்காகும். அதற்கு முன்பே உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விடும். அதனால் ஓவன் லைனுக்கு நீல ஒயரே வாங்கவில்லை. சிவப்பு, கறுப்பு, பச்சை. டிபி முனையிலும் ஓவன் முனையிலும் பெயரெழுதிய ஸ்லீவ் மாட்டினோம்.

த்ரீ பேஸ் வீடுகளில் இன்னொரு சங்கதி உண்டு: ஒரு பேஸ் போனால் திருப்பிவிட ஒரு செலக்டர் சுவிட்ச். ‘ஒரு பேஸ் போச்சு’ என்று சத்தம் வந்ததும் வீட்டில் யாராவது போய்த் திருப்பிவிடுவார்கள். சமையலறை, கீசர், ஏசி எல்லாம் உயிரோடிருக்கும் ஒரே பேஸில் ஏறிக்கொள்ளும். அதில் ஓவனும் சேர்ந்தால் மெயினே தாங்காது. ஓவன் லைனை செலக்டருக்கு வெளியே, கீசர் இல்லாத பேஸில் நிலையாக வைத்தோம். அந்த பேஸ் போனால் அன்றைக்கு கேக் கிடையாது. ஈபி பதிவில் இருக்கும் அனுமதித்த சுமையையும் பார்த்துக்கொள்வது நல்லது, 3.5 கிலோவாட் கூடுவது சின்ன விஷயமில்லை. எங்களுடையது போதுமானதாக இல்லை, சுமையை உயர்த்த விண்ணப்பம் போட்டாயிற்று.

சுவர் வேலை சீக்கிரம் முடிந்தது. நாலரை அங்குலச் சுவர் என்பதால் ஆழமாக வெட்டாமல், 20 மி.மீ. பைப் உட்கார்ந்து மேலே பூச்சு பிடிக்கிற அளவுக்கு மட்டும் காடி எடுத்தார்கள். கான்கிரீட் தூணில் கை வைக்கவில்லை. நடைபாதையின் பரணுக்கு மேலே ஏறி, சமையலறைச் சுவரில் நேராக இறங்கினோம். குறுக்காகச் சரிவாக வெட்டினால் பைப் மிச்சம்தான். ஆனால் பிற்பாடு அந்தச் சுவரில் டிரில் போடுகிறவர், போர்டுக்கு நேர் மேலேயோ நேர் பக்கத்திலோதான் ஒயர் இருக்கும் என்று நம்பித்தான் போடுவார். பூசுவதற்கு முன் டேப் நீட்டி வைத்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சின்னச் சதுரத்துக்கு வருவோம். வரைபடத்தில் இருந்ததுபோல் பாயிண்டை ஓவனுக்கு நேர் பின்னால் வைப்பதில் இரண்டு கோளாறு. ஒன்று, ஓவனை உள்ளே தள்ளியபிறகு அந்த சுவிட்சை அணைக்க வேண்டுமென்றால் ஓவனையே வெளியே இழுக்க வேண்டும். புகை வரும் நேரத்தில் அது நடக்கிற காரியமில்லை. இரண்டாவது, பாக்ஸின் ஆழமும் பிளக்கின் தடிமனும் சேர்ந்து ஓவன் முழுதாக உள்ளே போக விடாது. ஓவன் கையேட்டிலேயே இருக்கிறது: பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கிற, முனைகளுக்கு நடுவே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி விடுகிற சுவிட்ச், கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டும். அதனால் மேடைக்கு மேலே, ஓவன் அலமாரியின் வெளிப்பக்கச் சுவரில், இண்டிகேட்டர் விளக்குள்ள 32 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச். அங்கிருந்து பைப் கீழே இறங்கி, ஓவனுக்கு அடியில் இருக்கும் இழுப்பறையின் பின்சுவரில் முடிகிறது. இழுப்பறையைக் கழற்றினால் இணைப்பைப் பார்க்கலாம்; ஓவனைத் தொட வேண்டியதில்லை.

ஆசாரியிடம் பேச வேண்டியது இதை ஒட்டித்தான். ஓவனுக்கான பொந்து உள்ளளவில் 56 செ.மீ. அகலம், சுமார் 60 உயரம், 55 ஆழம். பின்பலகை போட்டுத்தான் பழக்கம் என்றார். ஓவன் பகுதிக்குப் பின்பலகை வேண்டாம். அடித்தட்டின் பின்னாலும் ஒரு கை நுழைகிற இடைவெளி விட்டு, சூடான காற்று மேலே போக வழி வேண்டும் என்று கையேட்டின் படத்தைக் காட்டினேன். அடைத்துவிட்டால் ஓவனின் பின்பக்கத்தில் இருக்கும் கேபிள்தான் முதலில் வேகும். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “அப்போ கரப்பான் பூச்சி வருமே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வலை அடித்தோம்.

இனி பிளக். ஓவனோடு வந்த கேபிளின் முனையில் ஐரோப்பிய பிளக் இருந்தது: இரண்டு உருண்டைப் பின்கள், எர்த்துக்குப் பின் கிடையாது; பக்கவாட்டில் இரண்டு உலோகப் பட்டைகள்தான் எர்த். அந்த ஊர் சாக்கெட்டில் பக்கவாட்டுக் கிளிப்புகள் அந்தப் பட்டையைத் தொடும். நம் ஊர் சாக்கெட்டில் தொடுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் பின்கள் பல சாக்கெட்டுகளில் எப்படியோ நுழைந்துவிடும். ஓவனும் சூடாகும். பாடி மட்டும் எர்த் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். டெலிவரிக்கு வந்தவர் ‘மல்டி பிளக் ஒன்று போட்டுக்குங்க, எல்லா வீட்லயும் அப்படித்தான்’ என்றார். அந்த மல்டி பிளக்குகளில் பெரும்பாலானவை பத்து ஆம்பியருக்குக்கூடத் தயாரானவை அல்ல. உள்ளே இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடு அரைமணி நேரம் 15 ஆம்பியரைத் தாங்குமா என்பதை என் அலமாரிக்குள் வைத்துச் சோதிக்க விருப்பமில்லை.

16 ஆம்பியர் இந்திய பிளக் மாட்டுவது ஒரு வழி. பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நல்ல சாக்கெட்டாக இருந்தால் தப்பில்லை. எனக்கு பிளக்கே வேண்டாம் என்று தோன்றியது. யாரும் தினமும் பிடுங்கி மாட்டப்போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஸ்பிரிங் பிடிப்பை நம்பியிருக்கும் சந்திப்பு ஒன்று குறைந்தால் நல்லதுதானே? பிளக்கை வெட்டினால் வாரண்டி போகுமா என்று கம்பெனிக்கு மின்னஞ்சலில் கேட்டேன். தங்கள் டெக்னீஷியனே வந்து நேரடி இணைப்புக் கொடுத்தால் போகாது என்று எழுத்தில் பதில் வந்தது. அந்தப் பதிலை பில்லோடு வைத்திருக்கிறேன்.

டிபியில் மாட்டியது 20 ஆம்பியர், சி கர்வ், 30 மில்லி ஆம்பியர், டபுள் போல் ஆர்சிபிஓ. எம்சிபியும் கசிவுக் காவலும் ஒரே பெட்டியில் இருப்பது. வீடு முழுவதற்கும் ஒரு ஆர்சிசிபி போதாதா என்றால், காவலுக்குப் போதும். ஆனால் ஓவனில் ஈரம் பட்டுச் சின்னக் கசிவு வந்தாலும் பிரிட்ஜ் உட்பட எல்லாம் அணையும். அப்புறம் இரண்டாவது தடவையே யாராவது ஆர்சிசிபியைத் தவிர்த்துவிட்டு லைனை நேரடியாக இணைத்துவிடுவார்கள். ஓவனின் சண்டை ஓவனோடு இருக்கட்டும். வீட்டின் மற்ற பகுதிக்குத் தனி ஆர்சிசிபி இந்தச் சாக்கில் வந்தது. அதற்கு முன் இல்லவே இல்லை.

எர்த் இருக்கிறது, எம்சிபி இருக்கிறது, இதற்கு மேல் ஆர்சிபிஓ எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். பலருக்கும் இருக்கும் கேள்வி. எங்கள் கட்டடத்தின் எர்த் என்பது மீட்டர் அறைக்கு வெளியே மண்ணில் புதைத்த குழி. ஓவனுக்குள் பேஸ் ஒயர் பாடியில் பட்டால், மின்னோட்டம் பச்சை ஒயர் வழியாகக் குழிக்கு இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பாதையின் மொத்தத் தடை 5 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஓடுவது 46 ஆம்பியர். சி கர்வ் எம்சிபி உடனடியாக விழ அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 100 முதல் 200 ஆம்பியர் வேண்டும். 46-க்கு அது சூடேறித்தான் விழும். அரை நிமிடம்கூட ஆகலாம். அதுவரை ஓவனின் கைப்பிடியில் மின்சாரம் இருக்கும். ஆர்சிபிஓவுக்கு 30 மில்லி ஆம்பியர் போதும், 0.3 நொடிக்குள் துண்டித்தாக வேண்டும். அதற்காக எர்த்தைக் கைவிட்டுவிடவும் முடியாது. எர்த் இல்லாமல் ஆர்சிபிஓ மட்டும் இருந்தால், கசிவு ஓட வழியின்றிக் காத்திருக்கும். யாராவது தொட்ட பிறகு, அவர் உடல் வழியே ஓடினால்தான் அது கண்டுகொள்ளும். இரண்டும் இருந்தால் ஆள் தொடும் முன்பே அணைந்துவிடும்.

இணைப்பு முனைகளில்தான் நான் கெடுபிடி செய்தேன். நம் வீட்டு ஒயர் பல மெல்லிய இழைகள் சேர்ந்தது. அப்படியே ஸ்க்ரூவுக்கு அடியில் வைத்து முறுக்கினால் சில இழைகள் வெளியே பிதுங்கும், சில வெட்டுப்படும். ஒவ்வொரு முனைக்கும் அளவான பின் லக் என்ற உலோக முனை போட்டு, கிரிம்பிங் கருவியால் அழுத்தி, அப்புறம்தான் டெர்மினல். ஈயம் பற்றவைத்துத் தடித்த முனையைச் செருகுவது சிலரின் பழக்கம். அது வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், சில மாதத்தில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். தளர்ந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால்கூட 15 ஆம்பியரில் 22 வாட்டுக்கு மேல் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்னைப் பற்றவைத்து பிளாஸ்டிக் பாக்ஸுக்குள் மூடி வைத்ததற்குச் சமம். எரிந்து கருகிய சாக்கெட்டுகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒயர் போதாமல் அல்ல, ஸ்க்ரூ இறுகாமல்தான் போயிருக்கும். எம்சிபியும் இதைக் கண்டுகொள்ளாது. அதைப் பொறுத்தவரை 15 ஆம்பியர்தானே போகிறது. ஓவனைக் கொஞ்ச நாள் ஓட்டியபிறகு ஒயர்மேன் மெயினை அணைத்து எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு தடவை இறுக்கினார். அவற்றில் இரண்டு ஸ்க்ரூக்கள் கால் சுற்று திரும்பின.

ஓவனை இணைக்கும் முன் வெறும் லைனை அளந்தோம். ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவியில் 500 வோல்ட் வைத்து பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே. 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் ஏற்கக் கூடாது. புது ஒயரில் அதைப்போல் பல நூறு மடங்கு வர வேண்டும், வந்தது. ஓவனை இணைத்த பிறகு இந்தச் சோதனையைச் செய்தால் அதன் எலக்ட்ரானிக் போர்டு அடிபடலாம். அடுத்து பச்சை ஒயரின் இரு முனைகளுக்கும் இடையே தடை: மீட்டர் கம்பிகளின் தடையைக் கழித்தால் 0.1 ஓமுக்குள். மின்சாரம் விட்டபிறகு பேஸ்–நியூட்ரல் 231 வோல்ட், பேஸ்–எர்த் 230, நியூட்ரல்–எர்த் ஒன்றை ஒட்டி.

இந்தக் கடைசி மூன்று எண்களைப் பார்த்து ‘எர்த் பிரமாதம்’ என்று சொல்லிவிட முடியாது. மல்டிமீட்டர் எடுப்பது துளி மின்னோட்டம். களிம்பு ஏறி ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் எர்த்தில்கூட 230 காட்டும். குழியின் தடையை எர்த் டெஸ்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும். அசோசியேஷனில் பேசி அளக்க வைத்தோம். அப்போது மழைக்காலம் முடிந்த சமயம், மண் ஈரமாக இருந்தது, எண்ணும் நன்றாக இருந்தது. மே மாதத்தில் இன்னொரு தடவை அளந்தால்தான் உண்மை நிலை தெரியும் என்று ஒயர்மேன் சொன்னார். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்பது இப்போது அசோசியேஷன் கூட்டத்தில் தனி விவாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

டெக்னீஷியன் வந்து இணைத்தார். முதல் ஓட்டம்: சன்னல்களைத் திறந்து வைத்து, காலி ஓவனை அதிகச் சூட்டில் ஓட்டி, உள்ளே பூசியிருக்கும் எண்ணெயும் பசையும் எரிந்துபோக விட வேண்டும். கீழ் ஹீட்டர் சரி. கிரில்லுக்கு மாற்றியதும் ஆர்சிபிஓ விழுந்தது. ஏற்றினால் மறுபடி விழுந்தது.

“எர்த்தை மட்டும் கொஞ்ச நேரம் கழட்டிட்டு ஓட்டினா சரியாயிடும்” என்று யோசனை வந்தது. சொன்னவர் யார் என்பதை விட்டுவிடுவோம். அது நிஜமாகவே ஓடும் என்பதுதான் அதில் பயங்கரம். ஓடும்போது பாடி முழுக்க மின்சாரம் இருக்கும்.

காரணம் ஹீட்டரின் உடற்கூறில் இருக்கிறது. உலோகக் குழாய், அதன் நடுவே நிக்ரோம் சுருள், இரண்டுக்கும் இடையே இறுக்கி அடைத்த மக்னீசியம் ஆக்சைடு பொடி. அந்தப் பொடி வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமானால் மின்சாரத்தைத் தடுக்கும் குணம் குறையும். வேலை தள்ளிப்போனதில் எங்கள் ஓவன் வடகிழக்குப் பருவமழை முழுவதும் அட்டைப் பெட்டிக்குள் பால்கனி ஓரம் இருந்தது. டெக்னீஷியன் ஓவன் லைனை அணைத்து, ஒவ்வொரு ஹீட்டரையும் தனியே பிரித்து அளந்தார். கீழ் ஹீட்டரும் பின்னால் இருக்கும் வளைய ஹீட்டரும் சரி. கிரில்லுக்கும் பாடிக்கும் இடையே சில ஆயிரம் ஓம் மட்டும். 230 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிய எட்டாயிரம் ஓமுக்குக் கீழே இருந்தால் போதும். ஆர்சிபிஓ செய்தது சரியான வேலை.

கிரில் ஹீட்டரின் இணைப்பைக் கழற்றி முனைகளை மூடிவிட்டு, எர்த்தும் ஆர்சிபிஓவும் அப்படியே இருக்க, கீழ் ஹீட்டரை மட்டும் 100 டிகிரியில் ஓட விட்டார். உள்ளே இருக்கிற சூட்டிலேயே கிரில் காய்ந்தது. ஆறியபிறகு அளந்தால் மெகா ஓம் கணக்கில் ஏறியிருந்தது. திரும்ப இணைத்து ஓட்டியதில் விழவில்லை. ஏறாமல் இருந்திருந்தால் ஹீட்டரை மாற்ற வேண்டியதுதான். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஓவனைத் தொடாமல் விட்டால் இது மறுபடி வரலாம் என்பதால், கேக் செய்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் எப்போதாவது கொஞ்ச நேரம் ஓட்டுகிறோம். வீட்டில் இதற்கு எதிர்ப்பு ஒன்றும் இல்லை, காலியாக ஏன் ஓட்ட வேண்டும் என்று பிஸ்கட் மாவைப் பிசைந்துவிடுகிறார்கள்.

முழுச் சூட்டில் ஓடும்போது கிளாம்ப் மீட்டர் காட்டியது 14 ஆம்பியரை ஒட்டி. தகட்டில் இருக்கும் 3.5 கிலோவாட் 240 வோல்ட்டுக்கான கணக்காக இருக்க வேண்டும். 230-ல் அது கொஞ்சம் குறைவாகத்தான் எடுக்கும். கிளாம்பை பேஸ் ஒயரை மட்டும் சுற்றி மாட்ட வேண்டும். மொத்தக் கேபிளையும் சுற்றினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்து பூஜ்யம் காட்டும். ஒரு மணி நேரம் ஓடியபிறகு சுவிட்ச் போர்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சுவரைவிடச் சூடாக இல்லை.

சமைத்து முடித்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சை உடனே அணைப்பது நம் எல்லோருக்கும் ஊறிய பழக்கம். இதில் அது கூடாது. ஓவனை அணைத்தபிறகும் உள்ளே குளிரூட்டும் விசிறி கொஞ்ச நேரம் ஓடும். அதுதான் எலக்ட்ரானிக் போர்டையும் அலமாரிப் பலகையையும் காப்பாற்றுகிறது. விசிறிச் சத்தம் நின்றபிறகு அணைக்கவும் என்று சுவிட்சுக்கு மேல் சின்னதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆர்சிபிஓவின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துவது ஈபி பில் கட்டும் நாளோடு சேர்த்து நடக்க வேண்டும் என்று திட்டம். பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது என்பதை வீட்டில் சுட்டிக்காட்டினார்கள். அதனால் சிலிண்டர் புக் செய்யும் நாளுக்கு மாற்றியிருக்கிறோம்.